சடையாண்டி மேஸ்திரி கயிறு பிடித்த கதை

கோணப்பட்டியில் முட்டாள்களே கிடையாது. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் அடித்துச் சொல்வார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். குமரய்யா தோட்டத்தில் கிணறு வெட்டிய ஐந்து பேரும் வெளியூர்க்காரர்கள்.

ஐந்து பேருக்கும் தலைவர் சடையாண்டி மேஸ்திரி. தங்கமான மனுஷர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். தலையில் எப்போதும் சிவப்புத் துண்டு கட்டியிருப்பார், வழியில் போகிறவர்கள் மேஸ்திரி யார் என்று தெரியாமல் திண்டாடக் கூடாது பாருங்கள். அவருக்குக் கீழே நாலு பேர். மூத்தவர் தவசி, எதையும் யோசித்துத்தான் பேசுவார். யோசிக்காமல் பேசியிருந்தால் எவ்வளவோ தேவலை. ஒச்சப்பன் நல்ல கனத்த ஆள். மாயன் முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரன். பேச்சிமுத்து யார் என்ன சொன்னாலும் "ஆமா" என்பான், அது ஒன்றுதான் அவன் வேலை.

கிணற்று வாயில் இரண்டு தூண் நட்டு, குறுக்கே ஒரு கட்டை போட்டு, அதில் கப்பி மாட்டியிருந்தார்கள். கப்பியில் நூறு அடி வடக்கயிறு. கயிற்று முனையில் ஒரு பலகை. காலையில் ஒருத்தன் பலகையில் உட்காருவான், மேஸ்திரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவார். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய கயிறு அது. மேஸ்திரி அதைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி ஒற்றை ஆளாகப் பிடிப்பார், அதில் அவருக்கு ஒரு பெருமை. நாற்பது அடி வெட்டியாகிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தண்ணீர் வராததுகூடப் பெரிதில்லை. முப்பதாவது அடியில் மேஸ்திரி, "இன்னும் ஒரே அடி, தண்ணி பிச்சுக்கிட்டு வந்துரும்" என்று சொல்லியிருந்தார். முப்பத்தோராவது அடியிலும் அதையேதான் சொன்னார். நாற்பதாவது அடி வரைக்கும் ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னார். ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை நடந்ததுதான் மோசம். அன்றைக்கு இறங்குகிற முறை ஒச்சப்பனுக்கு. பலகையில் உட்கார்ந்து, "பிடிச்சிருக்கீங்கள்ல மேஸ்திரி?" என்றான்.

"ஒலகமே இடிஞ்சு விழுந்தாலும் இந்தக் கை கயித்தை விடாதுடா."

ஒச்சப்பன் இறங்கினான். தரைக்கு மூன்றடி இருக்கும்போது தோட்டத்துச் சொந்தக்காரர் குமரய்யா வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். மேஸ்திரிக்கு முதலாளி என்றால் மரியாதை ஜாஸ்தி. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "கும்புடுறேன் முதலாளி!" என்றார்.

கீழே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னய்யா அது?" என்றார் குமரய்யா.

"ஒண்ணுமில்லீங்க. நம்ம ஒச்சப்பன், சீக்கிரமா எறங்கிட்டான்."

ஒச்சப்பன் வெட்டிப்போட்ட மண்ணில் உட்கார்ந்த வாக்கில் விழுந்ததால் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. உட்காருகிற இடம் மட்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போய்விட்டது. குமரய்யா கிணற்றை எட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தா பாரு மேஸ்திரி. ஆயிரம் வாழைக்கன்னு வாங்கிப் போட்டு வாடிக்கிட்டுக் கெடக்கு. வெள்ளிக்கெழம மத்தியானத்துக்குள்ள தண்ணியக் காட்டு. இல்லையா, போர் வண்டிக்குச் சொல்லிருவேன்."

மேஸ்திரியோ முப்பது வருஷம் கிணறு வெட்டிய மனுஷர். தான் வெட்டிய கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு லாரி வந்து நின்று குழாய் இறக்கிவிட்டுப் போனால், அப்புறம் எந்த ஊரில் போய் மேஸ்திரி என்று சொல்லிக்கொண்டு நிற்பது?

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலகையில் உட்கார ஆள் இல்லை. நாலு பேரும் புங்க மரத்தடியில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒச்சப்பன் மட்டும் நின்றுகொண்டிருந்தான், அவனால் உட்கார முடியாது.

"மேஸ்திரி செஞ்சதும் தப்பில்லை. மொதலாளி வந்தா கும்புடத்தானே வேணும்?" என்றார் தவசி.

"கும்புட்டது அவரு. விழுந்தது நானுல்ல?" என்றான் ஒச்சப்பன்.

"அதத்தான் யோசிக்கிறேன். மேல ஒருத்தர் நின்னாரு, நீ விழுந்த. மேல ரெண்டு பேரு நின்னிருந்தா?"

"பாதிதான் விழுந்திருப்பான்" என்றான் மாயன்.

"மூணு பேரு நின்னா?"

"இன்னும் கொறைச்சலா விழுவான்."

"அப்ப நாலு பேரும் மேல நின்னு பிடிச்சா, எவனும் விழவே மாட்டான்!"

"ஆமா" என்றான் பேச்சிமுத்து.

நாலு பேரும் கிளம்பி வந்தார்கள், மேஸ்திரி கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார்கள், வெறும் பலகையைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். "பத்தரம், பத்தரம்" என்று தவசி குரல் கொடுத்தார். பலகை அலுங்காமல் குலுங்காமல் கீழே போய்ச் சேர்ந்தது. மறுபடி மேலே தூக்கினார்கள். மறுபடி இறக்கினார்கள். சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. கிணறு ஒரு விரற்கடை ஆழமாகவில்லை, ஆனால் யாரும் விழவும் இல்லை. நாலு பேரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு நல்லபடியாக ஒரு நாள் வேலை நடந்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

மேஸ்திரிக்கு அழுகை வந்துவிட்டது. "ஏப்பா, என்னைய நம்பி ஒருத்தன் எறங்கக் கூடாதா? என்ன செஞ்சா நம்புவீங்க?"

"உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை மேஸ்திரி. உங்க கை மேலதான்" என்றார் தவசி.

இது நியாயமாகத்தான் பட்டது மேஸ்திரிக்கு. புதன்கிழமை காலையில் இரண்டு கையையும் நீட்டினார். "கயித்தோட சேத்துக் கட்டுங்கடா. இனிமே கடவுளே வந்தாலும் என்னால விட முடியாது."

மாயன் கட்டினான். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான முடிச்சு. ஒச்சப்பன், "விழுந்தவன் நானு, நானே எறங்கிப் பாக்குறேன்" என்று பலகையில் ஏறினான். உட்கார முடியாததால் நின்றுகொண்டான்.

கையைக் கட்டினால் கயிற்றை விட முடியாது என்பதை எல்லோரும் யோசித்திருந்தார்கள். கயிறு விடாமல் ஆள் எப்படி இறங்குவான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கையைக் கட்டிவிட்டதால் கயிற்றைத் தூணில் சுற்றவும் வழியில்லை. ஒச்சப்பனோ இரண்டு மூட்டை நெல் கனம், மேஸ்திரியோ காய்ந்த முருங்கைக்குச்சி. ஒச்சப்பன் கீழே போகப் போக மேஸ்திரி தரையில் இழுபட்டுக்கொண்டே போனார், கிணற்று வாயைத் தாண்டினார், அப்படியே மேலே எழும்பிக் கப்பியில் போய் இடித்துக்கொண்டு தொங்கினார். பத்தடி ஆழத்தில் ஒச்சப்பன் ஊசலாடினான்.

"கைய விடலை பாத்தியாடா?" என்று மேலேயிருந்து கத்தினார் மேஸ்திரி.

"விடலை மேஸ்திரி!" என்று கீழேயிருந்து ஒச்சப்பன் சந்தோஷமாகக் கத்தினான்.

அந்த ஒரு நிமிஷம் மேஸ்திரிக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்துபோயிற்று. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தாலும் பரவாயில்லை, ஆட்கள் நம்பிவிட்டார்களே! மற்ற மூன்று பேரும் கயிற்றின் வாலைப் பிடித்து இழுத்து இருவரையும் கரை சேர்த்தார்கள். பிறகு புங்க மரத்தடியில் கூடினார்கள்.

"விடலைங்கிறது வாஸ்தவம்" என்று ஆரம்பித்தார் தவசி. "ஆனா ஏன் விடலை? கட்டியிருந்துச்சு. யாரு கட்டினா?"

"மாயன்."

"அப்ப நாம நம்பினது மேஸ்திரியை இல்லை. மாயன் போட்ட முடிச்சை."

"ஆமா" என்றான் பேச்சிமுத்து.

சரி, நம்பிக்கை யார் மேல் இருக்கிறதோ அவன்தானே மேஸ்திரி? முறைப்படி வந்து சிவப்புத் துண்டைக் கேட்டார்கள். சடையாண்டி அவிழ்த்துக் கொடுத்தார். மாயன் தலையில் கட்டினார்கள். மாயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எல்லாரும் வாங்கப்பா, எறங்குங்க, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

மூன்று பேரும் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"நீ பாத்துக்குவேங்கிறதுக்கு என்னடா உத்தரவாதம்?" என்றான் ஒச்சப்பன்.

மாயனுக்கே அது சரியான கேள்வியாகத்தான் தோன்றியது. துண்டைக் கழற்றிப் பழைய தலையிலேயே கட்டிவிட்டு, திரும்பிப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்தான். உட்கார்ந்த உடனே அவனை எல்லோரும் பழையபடி நம்பினார்கள்.

அன்று சாயங்காலம் அவர்கள் தங்கியிருந்த கொட்டகையில் மேஸ்திரி பெண்சாதி லோகம்மா சோறு போட்டாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"என்னய்யா, சோத்துக்கிட்ட என்ன கோவம்?"

விஷயத்தைச் சொன்னார். லோகம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மேல நின்னுக்கிட்டு அத செய்யி இத செய்யின்னா எவன் நம்புவான்? அவங்களோட சேந்து இரு. அவங்க செய்யிறத நீயும் செய்யி. தன்னால நம்புவாங்க."

இது அவருக்கு நன்றாகப் புரிந்தது. வியாழக்கிழமை விடிந்ததும் போனார். நாலு பேரும் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், ஒச்சப்பனுக்கும் வீக்கம் வடிந்திருந்தது. மேஸ்திரியும் உட்கார்ந்தார். மாயன் கொட்டாவி விட்டான், அவரும் விட்டார். தவசி முதுகைச் சொறிந்தார், அவரும் சொறிந்தார். மத்தியானம் நாலு பேரும் துண்டை விரித்துப் படுத்தார்கள், அவரும் படுத்தார். வேலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு மும்முரமாக அவர் உழைத்ததே இல்லை. நாலு பேர் செய்வதை ஒரு ஆள் செய்வதென்றால் லேசா?

சாயங்காலம் வந்து, "ஒண்ணு விடாம செஞ்சுட்டேன் லோகு" என்றார்.

என்ன செய்தார் என்று கேட்ட லோகம்மா, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இருந்தால் அடித்துவிடுவோமோ என்று அவளுக்கே பயம். "யோவ், அவங்களுக்குக் கெணத்துல எறங்கப் பயம். பயப்படுறவன் முன்னாடி நீ எறங்கிக் காட்டுய்யா! நாளைக்கு வெள்ளிக்கெழம, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லோகம்மா சந்தைக்குப் போய்விட்டாள். அவள் மட்டும் இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்து நாமும் வேறு வேலை பார்க்கப் போயிருப்போம். மேஸ்திரி கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். "இன்னைக்கு நான் எறங்குறேன். நீங்க நாலு பேரும் பிடிங்க. மெதுவா விடுங்க."

மெதுவாக விட்டார்கள். அவருக்கு உள்ளே போகப் போகக் கிலி பிடித்துக்கொண்டது. மேஸ்திரி ஆன பிறகு ஒரு தடவைகூடக் கிணற்றில் இறங்காதவர். "மெதுவா" என்றார். இன்னும் மெதுவாக விட்டார்கள். "மெதுவாடா!" இன்னும் மெதுவாக. இருபதாவது அடியில் ஒரேயடியாக மெதுவாகி நின்றே போய்விட்டார்கள். அரை மணி நேரம் அந்தரத்தில் தொங்கிவிட்டு, "ஏண்டா, இப்படியேவா? கொஞ்சம் வேகமா" என்றார். வேகமாக விட்டார்கள். ஒச்சப்பனுக்கு எங்கே வீங்கியிருந்ததோ அங்கே அவருக்கும் வீங்கியது.

வலியோடு வலியாகக் கடப்பாரையை எடுத்துக் குத்தினார். குமரய்யா முகம் கண்ணில் வந்தது, குத்தினார். போர் லாரி கண்ணில் வந்தது, குத்தினார். ஒரு அடி போயிருக்கும். ஒரு கல் பெயர்ந்தது. கல் இருந்த இடத்தில் குபுகுபுவென்று கொப்புளித்துக்கொண்டு வந்தது ஊற்று. கணுக்கால் நனைந்தது. ஐயோ, அவருக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கணுமா! துண்டை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டு கத்தினார்.

"டேய்! தண்ணி வந்துருச்சுடா! என்னைய மேல தூக்குங்கடா!"

மேலே நாலு பேரும் கயிற்றை ஒரு தூணில் சுற்றிவிட்டு ஆலோசனை செய்தார்கள்.

"தண்ணி வந்துருச்சுங்கிறாரு" என்றான் மாயன்.

"வரும் வரும்னு பத்து தடவ சொன்னாரு. வந்துச்சா?" என்றார் தவசி.

"இப்ப வந்துருச்சுன்னுல்ல சொல்றாரு?"

"வரும்னு சொன்னதே பொய்யின்னா, வந்துருச்சுன்னு சொல்றது அதைவிடப் பெரிய பொய்யில்லையா? எதுக்கும் ஒரு ஆளு போய்ப் பாத்துட்டு வரட்டும்."

வெறும் பலகையை மேலே இழுத்து, அதில் பேச்சிமுத்துவை இறக்கினார்கள். ஒரு ஆளைச் சோதனைக்கு அனுப்புவது வேறு, வேலைக்கு அனுப்புவது வேறு, அதனால் அவனுக்கும் பயமில்லை. கீழே போய், "ஆமா" என்று கத்தினான்.

"அவன் எதுக்குத்தான் ஆமான்னு சொல்லலை?" என்றார் தவசி. இதில் நியாயம் இருந்தது. மாயனை இறக்கினார்கள். மாயன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "சத்தியமா தண்ணிதாண்ணே!" என்றான்.

"கேட்டியா ஒச்சப்பா? மேல இருக்கிற வரைக்கும் நம்ம ஆளு. கீழ போனதும் மேஸ்திரி ஆளாயிட்டான்."

ஒச்சப்பன் போனான். அவன் கனத்துக்குக் கயிறு தவசியின் உள்ளங்கைத் தோலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. கீழே போனவன் தண்ணீரைக் கையில் அள்ளி, குடித்து, கொப்பளித்து, "இனிப்பான தண்ணிண்ணே! கண்ணால பாத்தாத்தான் நம்புவீங்க!" என்று குரல் கொடுத்தான்.

தவசிக்கு இந்த வார்த்தை பிடித்துவிட்டது. கண்ணால் பார்ப்பதென்று முடிவு செய்தார். கயிற்றின் இந்த முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். பலகை முனையைக் கீழே நாலு பேரும் பிடித்துக்கொள்ள, கப்பி வழியாக அவர்களே அவரைச் சிரத்தையாக இறக்கினார்கள். இறங்கினார். பார்த்தார். தொடை வரைக்கும் தண்ணீர். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"மேஸ்திரி சொன்னது நெசம்தான்" என்றார் தவசி. "பத்து தடவ சந்தேகப்பட்டுட்டோம். எங்களை மன்னிச்சிருங்க."

அப்படியே எல்லோரும் மேஸ்திரியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒச்சப்பன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். பேச்சிமுத்து கேட்காமலேயே "ஆமா ஆமா" என்றான்.

தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டு தற்செயலாக மேலே பார்த்தார். பகீரென்றது. நாற்பது அடி உயரத்தில், கப்பியில், கயிறு தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. மேலே பிடிக்க ஒரு ஈ காக்கை கிடையாது.

"என்ன மேஸ்திரி இது! யாருமே பிடிக்காத கயிறு தொங்குது! விழுந்தா நம்ம தலைமேலதானே விழும்?"

மேஸ்திரியும் பார்த்தார். தன் ஆட்கள் தலையில் கயிறு விழ அவர் சம்மதிப்பாரா? "பலகைய அவுருடா மாயா" என்றார். மாயன் அவிழ்த்தான். ஐந்து பேருமாகச் சேர்ந்து, ஏலேலோ போட்டு, நூறு அடிக் கயிற்றையும் கப்பியிலிருந்து உருவிக் கீழே எடுத்து, அழகாகச் சுருட்டி ஒச்சப்பன் தோளில் மாட்டினார்கள். அப்புறம்தான் எல்லோருக்கும் உயிர் வந்தது.

மத்தியானம் குமரய்யா வந்தார். கிணற்றடியில் ஆள் அரவம் இல்லை. ஓடிட்டானுங்க என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் ஐந்து பேரும் வரிசையாக நின்றுகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அட, தண்ணி! மேஸ்திரி, சாதிச்சிட்டய்யா! போர் வண்டிய வேணாம்னு சொல்லிர்றேன். மேல வாங்கய்யா, என்னத்துக்கு அங்கயே நிக்கிறீங்க?"

"கயிறு எங்ககிட்ட பத்தரமா இருக்குங்க" என்றான் ஒச்சப்பன்.

குமரய்யாவுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் ஓடிப்போய் மாட்டு வண்டியிலிருந்து வேறொரு கயிறும், தோட்டத்திலிருந்து மூன்று ஆட்களும் கொண்டுவந்தார். கயிற்றை உள்ளே விட்டார். "கட்டிக்கிட்டு ஒவ்வொருத்தரா வாங்க. நாங்க நாலு பேரு பிடிச்சிருக்கோம்."

கீழே ஆலோசனை நடந்தது. தண்ணீர் மார்பைத் தொட்டது.

தவசி மேலே பார்த்துச் சொன்னார்: "மன்னிக்கணும் முதலாளி. நாங்க எங்க மேஸ்திரி பிடிக்கிற கயித்துலதான் ஏறுவோம். வேற யாரையும் நம்புறதா இல்லை."

"சரி, அப்ப மொதல்ல உங்க மேஸ்திரிய அனுப்புங்க! அவரு மேல வந்து உங்களைத் தூக்கட்டும்!"

நாலு பேருக்கும் முகம் சிவந்துவிட்டது. "எங்க மேஸ்திரி உசுர அசலாள் கையில குடுப்பமா?" என்று ஒச்சப்பன் கத்தினான். "என்ன பேச்சு பேசுறீங்க? அவரு ஏறும்போதும் அவரேதான் மேல நின்னு பிடிக்கணும்!"

"ஆமா" என்றான் பேச்சிமுத்து.

சடையாண்டி மேஸ்திரிக்குக் கண் நிறைந்து வழிந்தது. முப்பது வருஷ மேஸ்திரி வேலையில் அவரைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. சிவப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார், நெஞ்சை நிமிர்த்தினார், தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை மரியாதையாக ஒதுக்கிவிட்டார்.

"கயித்த எடுத்துக்கிட்டு நீங்க போங்க முதலாளி. என் ஆளுங்க என்னைய நம்பி இருக்காங்க. நான் மேல வந்ததும் நானே என்னைய தூக்கிக்கிறேன்."